கழற்றி மாட்டப் பிறந்த கார்

டிரையம்ப் ஹெரால்ட் காரின் பானெட்டை ஒருமுறை திறந்து பார்த்தால் போதும், அது எப்படிப்பட்ட கார் என்பது விளங்கிவிடும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள். அவற்றை விடுவித்து, கண்ணாடிப் பக்கமிருந்து தூக்கினால், மட்கார்டு, முகப்பு விளக்கு, கிரில் எல்லாம் சேர்ந்த மொத்த மூக்கும் முன்னால் சாய்ந்து நின்றுவிடும். என்ஜின், கார்புரேட்டர், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு நிதானமாக ப்ளக் மாற்றலாம். முதுகை வளைத்து, தலையை உள்ளே விட்டு, இருட்டில் துழாவ வேண்டிய வேலையே இல்லை. வீட்டு ஷெட்டில் பழைய கன்வெர்ட்டிபிள் ஒன்றைப் புதுப்பிக்க ஆசைப்படும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

இந்த வசதி ஒரு நெருக்கடியில் பிறந்தது. கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் சிறிய கார்கள் எல்லாம் பாடியே சேஸிஸாகவும் இருக்கும் மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் அடித்து வெல்டு செய்து தர ஆள் இல்லாமல் போனதும், ஹாரி வெப்ஸ்டர் தலைமையிலான பொறியாளர்கள் பழைய வழிக்கே திரும்பினார்கள். அடியில் தனி சேஸிஸ். அதன்மேல் பல இடங்களில் அடித்து வரவழைக்கக்கூடிய துண்டுகள். அவற்றை போல்ட் போட்டு இணைத்துவிட வேண்டியது. அந்தத் துண்டுகளுக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கார் அறிமுகமானது. 1960இல் கன்வெர்ட்டிபிள் வந்தது. 948 சி.சி.யில் தொடங்கிய என்ஜின் 1147, 1296 என்று வளர்ந்தது. சலூன் நின்ற பிறகும் கன்வெர்ட்டிபிள் 1971 வரை வந்துகொண்டிருந்தது.

கன்வெர்ட்டிபிள் என்று வரும்போது தனி சேஸிஸின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். மோனோகாக் காருக்கு விறைப்பைக் கொடுப்பதில் கூரைக்கும் பங்கு உண்டு. கூரையை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிக்கு வந்துவிடும். எம்.ஜி.பி. ரோட்ஸ்டரைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய கண்டம். துருப்பிடித்த சில்லை அறுப்பதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்ய வேண்டும். மறந்துவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் சாத்தாது. ஹெரால்டில் அந்தப் பயம் இல்லை. வெளியே தெரியும் சில் வெறும் மூடுதகடு, பாரத்தைச் சுமப்பது சேஸிஸ். கூரைகூட போல்ட்டில் நிற்பதுதான். அதனாலேயே சலூனை வாங்கிக் கூரையைக் கழற்றி கன்வெர்ட்டிபிள் ஆக்கிவிட்டவர்கள் இங்கிலாந்தில் ஏராளம். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. நல்ல சலூன்களும் குறைந்துகொண்டேதான் போகின்றன.

கவென்ட்ரிக்குப் பக்கத்தில், ஒரே கார் நிற்கும் அகலமுள்ள ஷெட்டில், 1147 சி.சி. என்ஜின் கொண்ட 1200 மாடல் ஹெரால்ட் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்த நண்பர் ஒருவரின் வேலையைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழற்றிய ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எழுதிய உறைகளில் இருந்தன. வளைந்துபோன பழைய தகடுகளைக்கூட அவர் எறியவில்லை. புதிதாக வாங்கும் தகட்டின் அளவு சரியா என்று பார்க்கப் பழையதுதான் சாட்சி என்பார். புதுப்பிக்கும் வேலையில் பாதி, கழற்றும்போது காட்டும் பொறுமையில் இருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டை வேகத்தில் திருகி முறித்தால், உள்ளே தகட்டோடு ஒட்டியிருக்கும் நட்டும் பிய்த்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, மறுநாள் வந்து ஸ்பானரைப் போடுகிற மனம் வேண்டும்.

இந்தக் காரில் துரு எங்கே குடியிருக்கும் என்பதை அனுபவசாலிகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், டிக்கிக்கு அடியில் இருக்கும் பின் கைகள், என்ஜினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் பேட்டரி உட்காரும் தட்டு. பேட்டரி ஆசிட் ஒழுகி ஒழுகி அந்தத் தட்டை அரித்திருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பொத்துக்கொள்ளும். பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு சின்னக் காந்தம் போதும். இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. வாங்கப் போகிறவர் பையில் அது இல்லாமல் போகக் கூடாது.

இனி நான் உயிராக மதிக்கும் கட்டம். வெல்டிங் முடிந்த துண்டுகளைச் சேஸிஸின்மேல் மறுபடி உட்கார வைக்கும் வேலை. வீட்டுக்கு நிலை வைத்துக் கதவு மாட்டும் ஆசாரியின் கண் இதற்கு வேண்டும். பாடி இரண்டு பெரும் பாகங்களாக வரும், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரண்டும் தரையின் குறுக்கே சேரும். பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் ஒவ்வோர் இடத்திலும் நடுவில் மெல்லிய தகடுகளை வைப்பார்கள். ஷிம் என்று பெயர். ஒரு ஷிம் கூடினாலும் குறைந்தாலும் கதவைச் சுற்றியிருக்கும் இடைவெளி மாறிவிடும். மேலே விரிந்தால் கீழே நெருங்கும். நண்பர் பின்னாலிருந்து தொடங்கினார். பின்பாகத்தை வைத்தார், அதற்கு ஒத்துக் கதவை நிறுத்தினார், கதவுக்கு ஒத்து முன்பாகத்தை நகர்த்தினார், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பானெட். எந்த போல்ட்டையும் முழுக்க முறுக்கவில்லை. கதவைச் சாத்துவார், காதைக் கொடுத்துக் கேட்பார், திறப்பார், ஷிம்மை எடுப்பார், மறுபடி சாத்துவார். ஒரு பகல் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் தகர டப்பா மாதிரி அதிர்ந்த கதவு சாயங்காலம் ஒரே சொடுக்கில் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் பெயிண்ட் பற்றிய பேச்சே வந்தது. பெயிண்ட் அடித்த பிறகு இடைவெளி பார்க்கிறவர்கள் உண்டு. ஓரம் ஓரத்தில் உரசிப் புதுப் பெயிண்ட் பெயரும்போதுதான் வரிசையின் அருமை தெரியும்.

எந்தப் பழைய காரின் கண்காட்சிக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். பளபளப்பைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பானெட்டின் கோடு கதவின் கோட்டோடு சேர்ந்து, கதவின் கோடு பின்சிறகு வரை அலுங்காமல் ஓடுகிறதென்றால், அங்கே ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து உழைத்திருக்கிறார்.

என்ஜின் பக்கம் பெரிய மர்மம் இல்லை. ஆனால் இரண்டு இடங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒன்று, கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துவைக்கும் பிறை வடிவ வாஷர்கள். கிளட்ச்சை அழுத்தும்போதெல்லாம் பாரம் அவற்றின்மேல் விழும். தேய்ந்துபோனால் கீழே விழுந்துவிடும். பிறகு கிராங்க்கும் பிளாக்கும் ஒன்றையொன்று தின்னும். சோதிப்பது எளிது: ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் இருக்கும் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. அனுமதிக்கப்பட்ட அசைவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான். இன்னொன்று, முன்சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் இருக்கும் ட்ரன்னியன் என்ற பித்தளை மூட்டு. அதற்கு கிரீஸ் வைக்கக் கூடாது, கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் மரைகளுக்குள் இறங்காமல் மேலேயே இறுகிவிடும், உள்ளே ஈரம் போய் அரிக்கும், ஒருநாள் அச்சு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். விவரம் தெரியாத மெக்கானிக்குகள் கையிலிருக்கும் கிரீஸ் கன்னையே எல்லா இடத்திலும் வைத்துவிடுகிறார்கள். இந்தக் காரை வைத்திருப்பவர் இதைத் தானே கவனித்துக்கொள்வது நல்லது.

ஒயரிங் இன்னொரு சந்தோஷம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களின் ஒயர்களுக்கு நிறமே பெயர். பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு. சாவி போட்டால் உயிர் வருவது வெள்ளை. ஃப்யூஸ் தாண்டி வருவது பச்சை. எர்த் கறுப்பு. முகப்பு விளக்குக்கு நீலம், சிறு விளக்குக்குச் சிவப்பு. இதைப் படித்துக்கொண்டால் கையில் படம் இல்லாமலே டேஷ்போர்டின் பின்னால் வேலை செய்யலாம். ஐம்பது வருடத்தில் யார் யாரோ கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். அந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய நிறத்தையே திரும்பக் கொண்டுவருவது இந்த வேலையின் நாகரிகம்.

டாப் மாட்டுவதைத் தனிக் கலை என்றே சொல்ல வேண்டும். பி.வி.சி. துணி குளிரில் விறைத்துக்கொள்ளும், இழுத்தால் வராது. இங்கிலாந்துக்காரர்கள் வெயில் நாளுக்காகக் காத்திருந்து, துணியைச் சற்று நேரம் காயவைத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். சட்டத்தை நிமிர்த்திப் பின்பக்கத்தைப் பிடிப்பித்து, நடுக்கோட்டைச் சாக்பீஸால் குறித்து, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் சமமாக இழுத்துக்கொண்டே முன்கண்ணாடியின் தலைக்கட்டைக்கு வர வேண்டும். அதிகம் இழுத்தால் கொக்கி மாட்டாது, தளர விட்டால் வேகத்தில் படபடக்கும். சுருக்கமே இல்லாமல் நிற்கும் டாப்பைப் பார்த்தால் நான் நின்று கும்பிடுவேன். கார் விற்கும்போது யாரும் அதற்குத் தனியாக விலை சொல்வதில்லை, வேலை தெரிந்தவர்கள் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

புதுப்பித்த கார்கள் பலவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. கம்பெனியில்கூட வராத அளவுக்குக் கண்ணாடிப் பெயிண்ட், எல்லா இடத்திலும் குரோம், சீட்டுக்குத் தோல். ஹெரால்ட் நடுத்தரக் குடும்பத்தின் கார். 1200 மாடலின் பம்பரில் வெள்ளை ரப்பர்தான் ஓடும், சீட் ரெக்ஸின், டேஷ்போர்டில் மெல்லிய மர ஒட்டு. அந்த அளவிலேயே அது அழகு. நண்பர் டிரைவர் சீட்டை மாற்றவில்லை. தையல் மட்டும் போட்டார். ஒரு பக்கம் தேய்ந்து மங்கியிருந்த அந்த ரெக்ஸின் புதுப் பெயிண்டுக்குப் பக்கத்தில் துளியும் உறுத்தவில்லை. மிக்கெலோட்டியின் கோடு எடுப்பாகத் தெரிவதும் பழைய சாதா நிறத்தில்தான்.

ஓட்டிப் பார்த்தால் வேகம் பெரிதாக இல்லை. ஒற்றைக் கார்புரேட்டர் கொண்ட 948 சி.சி. என்ஜினின் சக்தி 35 குதிரைத்திறனை எட்டவில்லை. பின்சக்கர சஸ்பென்ஷனுக்குத் திருப்பத்தில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பிடிக்காது, சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஓட்டுகிறவர் அதை மதித்து ஓட்ட வேண்டும். ஆனால் திரும்புவதில் இதற்கு நிகர் கிடையாது. 25 அடி வட்டத்தில் சுற்றி வந்துவிடும். டாப்பை மடித்துவிட்டுச் சின்னச் சந்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது வண்டி நின்ற இடத்திலேயே சுழல்வதுபோல் இருக்கும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கார் அந்நியம் இல்லை. துண்டு துண்டாகப் பெட்டியில் வைத்து அனுப்பி எந்த நாட்டிலும் பூட்டிக்கொள்ளலாம் என்பது இந்த வடிவத்தின் இன்னொரு பலன். அப்படித்தான் 1961இல் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில், இதே கார் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்ற பெயரில் வரத் தொடங்கியது. இங்கிலாந்து செய்யாத நான்கு கதவு ஹெரால்டைச் செய்ததும் அந்த ஆலைதான். அடுத்து வந்த கெஸல் அதன் வாரிசு.

நம் ஊரில் அந்த வண்டிகள் இன்றும் மாட்டுக்கொட்டகையிலும் பூட்டிய ஷெட்டிலும் கிடக்கின்றன. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு என்று குறிப்பிட்ட காரியங்களுக்கு எடுக்கலாம். நிபந்தனை ஒன்று முக்கியம்: வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய ஹெரால்ட் இருந்தால், கூரையைக் கழற்ற ஆசைப்படாதீர்கள், வேறு என்ஜினும் வைக்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். காயலான் கடைக்காரர் விலை பேச வரும் முன்னால், இரண்டு கொக்கிகளையும் விடுவித்து பானெட்டைத் தூக்கி, சேஸிஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.