வழக்குரையும் விசாரணை அறிக்கையும்: மட்டக்களப்பிற் சான்று கோரலின் இலக்கியம்

ஈழத்தில் வழங்கும் கண்ணகி கதைக்கு இடத்திற்கு இடம் பெயர் வேறு. யாழ்ப்பாணத்தில் அது கோவலனார் கதை. முல்லைத்தீவில் சிலம்பு கூறல். மட்டக்களப்பிலோ கண்ணகி வழக்குரை. கதைத்தலைவியின் வாழ்வு முழுவதையும் கூறும் நூலொன்றுக்கு அரசவையிலே அவள் தொடுத்த வழக்கையே பெயராகச் சூட்டிய சமூகத்தின் மனப்பாங்கு ஆராயத்தக்கது. வைகாசித் திங்களில் தம்பிலுவில் முதலாகச் செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு ஈறாகக் கோயில்தோறும் இந்நூல் படிக்கப்படுகின்றது. ஏட்டில் இருந்த இதனைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்து உதவினார். எனினும் எம்மவர் ஆய்வுகள் இதனைப் பெரிதும் வழிபாட்டு நூலாகவும் நாட்டார் வழக்காற்றுச் சான்றாகவுமே நோக்கி வந்துள்ளன. வழக்கு என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளிற் கொண்டு, ஆள்வோரிடமிருந்து உண்மையை வெளிக்கொணரும் முயற்சியின் இலக்கிய வடிவங்களுள் ஒன்றாக இதனை இங்கு நோக்குவோம்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிற் கண்ணகி கேட்பது இரக்கமன்று, இழப்பீடும் அன்று. அரசின் கைவசம் உள்ள சான்றுப் பொருளை அவையின்முன் வைக்குமாறு கேட்கிறாள். சிலம்பு கொணரப்படுகிறது, உடைக்கப்படுகிறது, அரசியின் சிலம்பில் இருக்கவேண்டிய முத்து அங்கு இல்லை. அரசன் தன் தீர்ப்பின் பிழையை ஏற்று உயிர் துறக்கிறான். இக்காட்சி நடைபெறுவதற்கு இரண்டு நிபந்தனைகள் தேவை. சான்று அழிக்கப்படாதிருக்க வேண்டும்; அதனைக் கொணருமாறு பணிக்க அரசன் உடன்பட வேண்டும். நிலமானிய அறத்தின் இலட்சியக் கற்பனை இரண்டாவது நிபந்தனையிலேதான் தங்கியுள்ளது. ஆட்சிப்பொறுப்பு முழுவதும் ஒரு தனிமனிதனின் மனச்சான்றில் அடங்கிவிடுகிறது. அதே வேளையிற் குற்றத்தின் மூலம் ஒரு தட்டானின் தலையிற் சுமத்தப்படுகிறது. விசாரணையின்றிக் கொல்லும் அதிகாரத்தை அரசு எவ்வாறு பெற்றது என்ற வினா கேட்கப்படாமலே காதை முடிகிறது. அரசன் மாண்புடன் இறக்க, கைவினைஞன் வஞ்சகனாக எஞ்சுவது தற்செயலன்று. பொறுப்பு மேலிருந்து கீழிறங்கும் இந்த அமைப்பு பழைய காப்பியத்துடன் மறைந்துவிடவில்லை.

வாவியின் மேற்கே படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைப் பகுதியில், 1991 யூன் 12ஆந் திகதி, கண்ணிவெடியிற் படையினர் இறந்ததன் பின்னர் மகிழடித்தீவை அண்டிய கிராமத்து மக்கள் கொல்லப்பட்டனர். இரு தரப்பு மோதலின் இடையே அகப்பட்டு அவர்கள் இறந்தனர் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுந்த நெருக்குதலின் பேறாகச் சனாதிபதி விசாரணை ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. 1992இல் வெளிவந்த அதன் அறிக்கை, மோதல் விளக்கத்தை ஏற்காது, 67 பேர் இறந்தமைக்குப் படையினரே பொறுப்பு என முடிவுசெய்தது. ஆயின் பின்னர் கூடிய இராணுவ நீதிமன்றம் படையினரைக் கொலைக்குற்றத்திலிருந்து விடுவித்தது. தனக்குக் கீழிருந்தோரைக் கட்டுப்படுத்தத் தவறியமை, சடலங்களை முறைகேடாக அகற்றியமை ஆகியவற்றிற்காக ஓர் இளநிலை அதிகாரி மாத்திரம் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். உண்மை ஆவணத்தில் ஏறியது. குற்றம் தீர்ப்பிலிருந்து கழன்றது. தட்டானின் இடத்தை நிரப்ப ஓர் இளநிலை அதிகாரி போதுமானவராயிருந்தார்.

எமக்கு மிக அண்மையிலுள்ள பாடம் வந்தாறுமூலை. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான மக்கள் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். செப்டெம்பர் 5ஆந் திகதி படையினர் வளாகத்தைச் சூழ்ந்தனர். தலையாட்டிகளின் முன்னால் மக்கள் நிறுத்தப்பட்டனர். 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். 23ஆந் திகதி மேலும் 16 பேர். இவ்விரு நாட்களுக்கும் இடையில், 9ஆந் திகதி, சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் இருந்து கொண்டுசெல்லப்பட்ட 184 பேர், கைக்குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். வந்தாறுமூலையிற் கொண்டுசெல்லப்பட்டோர் பற்றி மட்டக்களப்புச் சமாதானக் குழு வினவியபோது பாதுகாப்புத் தரப்பிலிருந்து கிடைத்த பதில், 32 பேர் கைதுசெய்யப்பட்டு 31 பேர் விடுவிக்கப்பட்டனர் என்பதாகும்.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் பாடபேதம் என்ற சொல்லை அறிவர். 158 ஒரு பாடம். 32 மற்றொரு பாடம். எப்பாடம் எந்த ஏட்டிலிருந்து வந்தது, அதனைப் படியெடுத்தவர் யார், அவருடைய நலன் யாது என்று கேட்பதே மூலபாடத் திறனாய்வு. முதலாவது எண், கண்முன் கொண்டுசெல்லப்பட்டோரை ஒவ்வொருவராகப் பெயர்சொல்லி எண்ணியோரிடமிருந்து வந்தது. இரண்டாவது, பெயரற்ற எண்ணாக வந்தது. அந்த 32இலும் 31 போக எஞ்சும் ஒருவர் யார் என்பதற்கு அக்கழித்தலில் விடையில்லை. 1994இல் நியமிக்கப்பட்ட மூன்று வலய ஆணைக்குழுக்களுள், வடக்கு கிழக்கிற்குரியது ஓய்வுபெற்ற நீதியரசர் கே. பாலகிட்ணரின் தலைமையில் இயங்கிற்று. 158 பேர் கொண்டுசெல்லப்பட்டமைக்கு வலுவான சான்று உண்டு என அது கண்டது. மக்களின் பாடம் அரசின் ஆவணத்துள்ளேயே ஏறியது. அவ்வறிக்கை 1997இல் அளிக்கப்பட்டது. அதன் பேறாகக் குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை.

ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தோர் அதற்கு முன்னரே நீண்டகாலம் மனு எழுதியவர்கள். கச்சேரி வாயிலில் மனு எழுதிக் கொடுப்போரின் மொழி தனியே ஆராயப்படவேண்டிய ஓர் உரைநடை. ‘தாழ்மையுடன்’ தொடங்கித் ‘தங்கள் உண்மையுள்ள’ என முடியும் அம்மொழியில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஆள்வோரின் ‘மேலான கவனத்தை’ வேண்டி நிற்கிறாள். குடியேற்ற ஆட்சியின் நிருவாகத்துடன் உருவாகிய இவ்வடிவம், கேட்பவர் குடிமகனல்லர், குடியானவர் என்ற உறவை ஒவ்வொரு சொல்லிலும் உறுதிப்படுத்துகிறது. இதற்கு மாறாக, 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தெருவில் இறங்கியபோது மனு ஊர்வலமாயிற்று. தென்னிலங்கையில், 1987 முதல் 1990 வரையான ஒடுக்குமுறையிற் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மாரும் தமக்கென ஓர் அன்னையர் முன்னணியை அமைத்தனர். ஆள்வோர் செவிசாயாதவிடத்து அவர்கள் கோயில்களிற் கூடித் தெய்வத்திடம் முறையிட்டுச் சாபமிட்டனர். சிங்களத்தில் அம்முறையீட்டுக்குரிய சொல் கன்னலவ்வ. பத்தினித் தெய்வத்தை வழிபடும் அத்தாய்மாரையும் படுவான்கரைத் தாய்மாரையும் ஒரே காப்பியத்தின் வாசகராகக் காண எமது இலக்கிய வரலாறு இன்னும் பழகவில்லை. இருசாராருட் பெரும்பாலோரும் கிராமத்து உழைக்கும் மக்கள் என்பதை இனவாத அரசியல் மறைத்து வந்துள்ளது.

மன்றாட்டு, உரிமைக் கோரிக்கையாக மாறிய வரலாறு நீதிமன்றங்களிலும் நிகழ்ந்தது. அது மெல்லவே நிகழ்ந்தது. 1996இல், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியை இடைநிறுத்தியதை எதிர்த்து நேயர் ஒருவர் தொடுத்த வழக்கிலே, பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் தகவல் பெறும் உரிமையைத் தனித்த உரிமையாக அது ஏற்கவில்லை. காலிமுகத் திடலைத் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையின் விபரங்களைக் கேட்டு ஒரு சுற்றாடல் அமைப்புத் தொடுத்த வழக்கில், 2005இல், கருத்து வெளியிடும் சுதந்திரம் பொருளுடையதாக வேண்டுமாயின் தகவல் பெறும் உரிமை அதனுள் அடங்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறிற்று. தலைநகரின் கடற்கரைப் புல்வெளியிலே பிறந்த இந்நியாயம் வாவிக்கரையை எட்டப் பின்னும் ஒரு தசாப்தம் சென்றது. 2015இன் 19ஆவது திருத்தம் தகவலறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தை ஒரு மொழிப் பிரதியாக வாசிப்போர், அதன் 24ஆம் பிரிவிலே தரித்து நிற்றல் வேண்டும். தகவல் கேட்பவர் காரணம் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்கலாம்; அதனை எழுத்தில் வடிப்பது தகவல் உத்தியோகத்தரின் கடமை. மனு எழுதுவோனின் மேசை வாயிலிலிருந்து அலுவலகத்தின் உள்ளே நகர்ந்துவிட்டது; தாழ்மை தேவையற்றதாயிற்று. மறுக்கப்பட்டால் ஆணைக்குழு, அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம். பாராளுமன்ற உறுப்பினருள் எவரெவர் சொத்து விபரம் சமர்ப்பித்தனர் என்பதை வெளியிடுமாறு ஆணைக்குழு இட்ட பணிப்பை 2023இல் அந்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது இவ்வழியில் ஒரு முக்கிய படி.

ஆயினும் தாராண்மைவாதிகளின் களிப்பில் நாம் பங்குகொள்ளத் தயங்குகிறோம். தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்கு 5ஆம் பிரிவில் உள்ளது. பொதுநலன் மேலோங்கும்போது அது தளரவேண்டும் என்று அதே பிரிவு கூறினும், எது பொதுநலன் என்பதை முதலில் எடைபோடுவது மறுக்கும் அலுவலகமே. காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்தைத் தாபித்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், அந்தரங்கமாக வழங்கப்படும் தகவலைத் தகவலுரிமைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. சாட்சிகளைக் காக்கும் ஏற்பாடாக இது நியாயமானதே. அதே திரை சந்தேகத்துக்குரியோரையும் மறைக்கக்கூடும். எல்லாவற்றிலும் அடிப்படையான தடை ஒன்றுண்டு. சட்டம் திறப்பது எழுதப்பட்டதையே. இறுதிப்போரிற் சரணடைந்தோரின் விபரத்தை இச்சட்டத்தின்கீழ் பத்திரிகையாளர் ஒருவர் கேட்டபோது, இராணுவத்திடம் எவரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தனர் என 2019இல் இராணுவம் விடையளித்தது. ஏடு இல்லை எனில் பாடமும் இல்லை. ஆட்கொணர்வு மனுவும் இங்கேயே இடறுகிறது. கைதே நடைபெறவில்லை என்ற மறுப்பை உடைக்க, மனுதாரரின் கையில் வேறொரு ஏடு இருக்க வேண்டும்.

அவ்வேட்டை மக்கள் எவ்வாறு ஆக்குகின்றனர் என்பதற்கு இராசத்தானின் உதாரணம் பயனுடையது. தமிழ்நாடு 1997இலேயே, இந்திய மாநிலங்களுள் முதலாவதாக, தகவலுரிமைச் சட்டமொன்றை இயற்றியது. ஆயின் விதிவிலக்குகள் மலிந்த அச்சட்டத்தின் பின்னால் மக்கள் இயக்கம் இருக்கவில்லை. இராசத்தானிலோ மசுதூர் கிசான் சக்தி சங்கதன் 1994 முதல் கிராமங்களிற் பொது விசாரணைகளைக் கூட்டியது. அரசாங்க வேலைகளின் கூலிப் பட்டியல்கள் ஊர்நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. வேலை செய்யாதவர் பெயரிற் கூலி எழுதப்பட்டிருந்தமையை, கேட்டிருந்த தொழிலாளரே எழுந்து சுட்டிக்காட்டினர். 2005ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அந்த வாசிப்பின் நீட்சி. ஆவணத்தை ஊரறியப் படித்தல் என்பது மட்டக்களப்பாருக்குப் புதியதன்று. வைகாசிதோறும் அவர்கள் ஒரு வழக்கை அவ்வாறே படிக்கின்றனர்.

இந்நிலையில் தமிழ்த்துறைகளின் முன் நிற்கும் பணி பதிப்புப்பணி. 1992இன் கொக்கட்டிச்சோலை அறிக்கையும் 1997இன் வடக்கு கிழக்கு அறிக்கையும் வழக்குரையைப் பதிப்பித்தோர் கொண்ட அதே கவனத்துடன் தமிழிற் பதிப்பிக்கப்பட வேண்டும். சாட்சியங்களின் பேச்சுமொழி, அது ஆங்கில அறிக்கையாகும்போது இழந்தவை, முரண்படும் எண்கள் யாவும் அடிக்குறிப்பில் இடம்பெற வேண்டும். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலையை அண்டியிருந்த முகாம்களின் தடுத்துவைப்புப் பதிவேடுகள் யாரிடம் உள்ளன, அழிக்கப்பட்டிருப்பின் யாருடைய கட்டளைப்படி அழிக்கப்பட்டன என்பதைக் கேட்க ஒரு விண்ணப்பம் போதும். விடையளிக்கச் சட்டம் விதிக்கும் காலம் பதினான்கு வேலைநாட்கள், நீடிப்பின் மேலும் இருபத்தொரு நாட்கள். ‘பதிவேடு இல்லை’ என்று வரும் விடையும் கையொப்பமும் திகதியும் கொண்ட ஓர் ஏடாகும். பதிப்பில் 32 என்ற பாடத்தின் கீழே அதற்கும் ஓர் இடம் உண்டு.