அகுஸ்தீனாரின் பாதி வெற்றி

மேலைக் கிறிஸ்தவத்தின் ஆசாரியர்களுள், ஹிப்போ நகரத்து மேற்றிராணியாரான அகுஸ்தீனாரைப் போல் இத்தனை பேரால் புகழப்பட்டவரும், அப்படிப் புகழ்ந்தவர்களாலேயே பாதியளவில் மட்டும் பின்பற்றப்பட்டவரும் வேறொருவர் இலர் என்பது, பாவத்தையும் கிருபையையும் குறித்து நூற்றாண்டுதோறும் எழுந்த வாதங்களை வரிசையாகப் படித்து வருபவர்க்குப் புலனாகும். மனிதன் தன் பலத்தால் கடவுளை நோக்கி ஓரடியும் எடுத்துவைக்க மாட்டான் என்று அவர் சொன்னதைச் சங்கங்கள் ஏற்றன. அப்படியானால் இரட்சிக்கப்படுவோர் இன்னாரென்று அநாதியிலேயே கடவுள் முன்குறித்திருக்கவேண்டும் என்று அவர் மேலும் சொன்னதைப் பெரும்பாலும் வணங்கி ஒதுக்கின.

354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்த அவர், தம் வாழ்வைக் கடவுளிடம் அறிக்கையிடும் நூலில், பதினாறாம் பிராயத்தில் தோழரோடு சேர்ந்து அயலான் மரத்துப் பேரிக்காய்களைத் திருடிய செய்தியை விஸ்தாரமாக ஆராய்கிறார். பசியில்லை, காய்களில் நிறமோ ருசியோ இல்லை, அவற்றினும் நல்லவை வீட்டிலேயே இருந்தன, பறித்ததில் பெரும்பகுதி பன்றிகளுக்குப் போயிற்று. இவ்வளவு அற்பமான திருட்டுக்கு இத்தனை பெரிய விசாரணையா என்று நகைத்தவருண்டு. ஆனால் அந்த அற்பத்தனமே அவர் வாதத்தின் பலம், ஏனெனில் லாபத்துக்காகச் செய்த குற்றத்துக்கு லாபத்தைக் காரணமாகச் சொல்லிவிடலாம், ஒரு லாபமுமின்றித் தீமையைத் தீமைக்காகவே விரும்பிய சித்தத்துக்கோ, அச்சித்தமே மூலத்தில் பழுதுற்றது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லுவதற்கில்லை.

கட்டளையிடும் கடவுளே அதை நிறைவேற்றும் சக்தியையும் அருளவேண்டும் என்ற கருத்துடைய ஒரு பிரார்த்தனை இந்நூலில் வருகிறது. அது, ரோமாபுரியில் துறவொழுக்கம் பூண்டு வாழ்ந்த பிரித்தானியரான பெலேஜியுஸுக்குச் சினமூட்டியது. செய்ய இயலாததைக் கடவுள் ஏவமாட்டார். ஆதாம் நமக்கு விட்டுச்சென்றது தீய முன்மாதிரியேயன்றித் தீய சுபாவமன்று. ஆகையால் மனமிருந்தால் மனிதன் பாவமின்றி வாழலாம் என்பது அவர் பக்ஷம். அவரை ஆணவக்காரராகச் சித்திரிப்பது பழைய வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பேரளவில் கிறிஸ்தவராகி, மனித பலவீனத்தைச் சாக்காகச் சொல்லிச் சுகமாகத் திரிந்த பிரபுக்களைத் தட்டியெழுப்பவே அவர் பேசினார். 415-இல் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலிஸில் கூடிய மேற்றிராணிமார் அவரைக் குற்றமற்றவரென விடுத்தனர். 418-இல் கார்த்தேஜ் சங்கம் அவர் கொள்கைகளைக் கண்டித்தது. ஞானஸ்நானமின்றி மரிக்கும் குழந்தைகளின் கதி என்ன என்பதே அங்கே கடினமான கேள்வி; அவர்களுக்கும் தண்டனை உண்டு, ஆயினும் அது மிக மிருதுவானது என்று அகுஸ்தீனார் சொன்ன விடை, அவர் அன்பர்களையே இன்றளவும் சங்கடப்படுத்துகிறது.

அவருடைய வெற்றி பாதியாகத் தொடங்கியது அவர் உயிரோடிருக்கும்போதே. சுமார் 426-இல் ஹத்ருமேத்தும் மடத்துத் துறவியர் சிலர், எல்லாம் கிருபையின் செயலானால், நாங்கள் தவறும்போது மடாதிபதி எங்களைக் கடிந்துகொள்வானேன், எங்களுக்காக ஜெபித்தால் போதாதா என்று கேட்டனர். சோம்பேறிகளின் கேள்வி போலத் தோன்றினும், இதற்கு விடையாக அகுஸ்தீனார் ஒரு தனி நூலே எழுத நேர்ந்தது. கடவுள் எல்லா மனிதரும் இரட்சிக்கப்படச் சித்தமுள்ளவர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் கூறுவதற்கும், அரசர், குடிகள், கற்றவர், கல்லாதவர் என எல்லா வகையினரும் என்பதே பொருள் என்று அவர் உரை செய்தார். சாமர்த்தியமான உரை, ஆனால் வேதவாக்கியத்துக்குக் கீழ்ப்பட்டு எழுதியது என்பதைவிட, ரோமர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்திலுள்ள குயவனையும் களிமண்ணையும் காப்பாற்றும் பொருட்டு எழுதியது என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

529-இல் ஒராஞ்சு நகரிற் கூடிய சங்கம், விசுவாசத்தின் முதல் துளிர்கூடக் கிருபையின் கொடையே என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே மூச்சில், எவரையேனும் தீமைக்கென்று கடவுள் முன்குறித்தார் என்பாரைச் சபித்தது. கீழைத் திருச்சபையோ, ஆதாமிடமிருந்து மரணத்தைப் பெற்றோம், குற்றத்தைப் பெறவில்லை என்ற அளவில் நின்று, இந்த வழக்கில் ஏறக்குறைய ஒதுங்கியே இருந்துவிட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் வழக்கு மீண்டும் எழுந்தது. சித்தத்தின் சுதந்திரத்தைக் காத்து எராஸ்முஸ் 1524-இல் எழுத, அச்சித்தம் அடிமைப்பட்டது என்று லூத்தர் மறு ஆண்டே முழங்கினார். கல்வீனைப் பின்பற்றியோர் 1618-19-இல் டோர்ட் நகரில் கூடி, முன்குறிப்பைத் தயக்கமின்றி முழுமையாக நிறுவினர். கத்தோலிக்கரிடையே தொமினிக்க சபையாரும் இயேசு சபையாரும் கிருபையையும் சித்தத்தையும் குறித்துப் பத்தாண்டுகள் ரோமாபுரியில் வாதாடியும் 1607-இல் ஐந்தாம் பவுல் பாப்பு தீர்ப்பே சொல்லாமல், ஒருவரையொருவர் பதிதரென்று அழைக்கக்கூடாது என்று மட்டும் பணித்து அனுப்பினார்; திருச்சபை வரலாற்றில் இதைப் போன்ற புத்திசாலித்தனமான மௌனங்கள் அரிது. அகுஸ்தீனாரை முழுவதும் எடுத்துக்கொண்ட ஈப்ரு நகரத்து மேற்றிராணியார் யான்சேனியுஸின் நூல், அவர் காலமானபின் 1640-இல் வெளிவந்தது. அதிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஐந்து வாக்கியங்கள் 1653-இல் கண்டிக்கப்பட்டன. வாக்கியங்கள் பிழையானவைதாம், ஆனால் அவை நூலில் இல்லை என்று அவர் சீடர்கள் சாதித்தது தனிக் கதை.

தமிழ் வாசகனுக்கு இவ்விடத்தில் வைணவத்துத் தென்கலையாரின் பூனைக்குட்டியும் வடகலையாரின் குரங்குக்குட்டியும் நினைவுக்கு வரும்; ருடால்ஃப் ஓட்டோ என்னும் ஜெர்மானிய அறிஞரும் இந்திய பக்தி மார்க்கத்தைக் கிறிஸ்தவக் கிருபையோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ஒப்புமை ஓரளவுதான் ஓடும். குட்டி பற்றிக்கொள்வதா, தாய் கவ்விச் செல்வதா என்பது வைணவத்தில் வழக்கு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் சிலவற்றைத் தாய் கவ்வாமல் விட்டுச்செல்வது நீதியா என்பது கிறிஸ்தவத்தில் வழக்கு.

1999 அக்டோபர் 31-இல், லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்புர்க் நகரில், மனிதன் நீதிமானாக்கப்படுவதைக் குறித்த கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. மனிதனின் இயலாமை, விசுவாசம், நியாயப்பிரமாணம், இரட்சிப்பின் நிச்சயம், நற்கிரியைகள் எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. முன்குறிப்புக்குத் தனிப்பகுதி இல்லை.