கிளாட் தேர்வு அறிவுரைகளும் டெல்டா மாணவரும்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வாகிய 'கிளாட்' 2008-இல் தொடங்கியது முதல், அதற்கு ஆயத்தமாவது பற்றிய அறிவுரைகளும் பெருகியுள்ளன. நகரத்து ஆங்கிலவழி மாணவரை மனத்திற்கொண்டு எழுந்த அவை, காவிரி டெல்டாவின் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்ட அரசுப் பள்ளி மாணவருக்கு எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்பது ஆராயத்தக்கது.

அவற்றுள் வலுவானது, சட்டத் தர்க்கப் பகுதியில் பத்தியில் தரப்பட்ட விதியை மட்டுமே கொண்டு விடையளிக்க வேண்டும் என்பதாகும். தம் உடலுழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ பயிரிடுபவருக்கே குத்தகைப் பாதுகாப்பு உண்டு என 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கில் ஒரு பத்தி அமைந்து, நிலத்தை உள்குத்தகைக்கு விட்டு வெளியூர் போனவருக்கும் அது உண்டா என்று வினா எழுமாயின், அத்தகையவரையே குத்தகைதாரராக ஊர் மதிப்பதைக் கண்டு வளர்ந்த மாணவர் 'உண்டு' எனக் குறித்து, அந்த மதிப்பெண்ணோடு தவறான விடைக்குரிய கால் மதிப்பெண்ணையும் இழப்பார். முன்னறிவை ஒதுக்கிவைக்கும் இப்பழக்கம் வழக்கறிஞர் தொழிலுக்கும் அடிப்படை. சட்டமே படித்திராதவரையும் சமநிலையில் நிறுத்துவது அதன் மற்றொரு சிறப்பு.

ஆனால் மாதிரித் தேர்வுகளை ஓயாமல் எழுதினால் வேகம் வந்துவிடும் என்ற அறிவுரை ஏற்கத்தக்கதன்று. ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறும் இத்தேர்வில், நீண்ட பத்திகளைப் படித்து 120 நிமிடங்களில் 120 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருக்க, மாதிரித் தேர்வு வாசிப்பு வேகத்தை அளக்குமேயன்றி வளர்க்காது. நாள்தோறும் ஆங்கில நாளிதழ் படிக்கச் சொல்வது சரியே எனினும், தமிழ்வழி மாணவர் அதற்குள் நுழையும் வழியை யாரும் காட்டுவதில்லை. கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டும் எனக் காவிரி நடுவர் மன்றம் நிர்ணயித்த 192 டி.எம்.சி. நீரை (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 177.25 ஆகக் குறைத்த 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி முதலில் தமிழிலும் பின்பு ஆங்கிலத்திலும் படிக்கும் டெல்டா மாணவர், அந்நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலு என்ற இடத்தின் பெயரைச் சிறு வயது முதலே கேட்டிருப்பதால், அறியாத ஆங்கிலச் சொற்களையும் பொருளோடு பற்றிக்கொள்வார். தமிழ் வாசிப்பை நேர விரயமாகக் கருதும் பயிற்சி முறை இந்த வலிமையை வீணடிக்கிறது.

இவற்றினும் பெருங்குறை நாட்காட்டி பற்றியது. அண்மை ஆண்டுகளில் கிளாட் டிசம்பரிலேயே நடைபெறுவதால், விண்ணப்பக் காலம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. பிளஸ் டூ முடிவு வந்த பின்பே மேற்படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும் குடும்பங்களின் பிள்ளைகள், திறமை இருந்தும் தேர்வுக் கூடத்தையே காண்பதில்லை. திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருந்தும் இந்நிலை தொடர்கிறது. மேலும், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசுக் கல்லூரிகள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் மாணவரைச் சேர்ப்பதையும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021 முதல் சட்டப் படிப்புக்கும் உண்டு என்பதையும் கிளாட் அறிவுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. கிளாட் விண்ணப்பம் திறக்கும் மாதத்திலேயே கிளாட், அரசுக் கல்லூரிச் சேர்க்கை ஆகிய இரு வழிகளையும் வகுப்பில் எடுத்துரைக்கும் பொறுப்பைப் பிளஸ் டூ ஆசிரியர்கள் ஏற்க வேண்டும்.