அம்மானை ஆடியவர்கள் யார்?

ஆவுடையார்கோவிலில் மாணிக்கவாசகர் கதை தெரியாதவர் இல்லை. திருவாதவூரில் பிறந்தவர். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கொண்டுவந்த பொன்னை இங்கே, அன்றைய திருப்பெருந்துறையில், கோயில் பணிக்குச் செலவிட்டவர். அவருக்காகவே நரிகள் பரிகளாயின. 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பும் இந்த வாழ்க்கையைச் சொல்கிறார். தமிழ்த்துறை வகுப்புகளில் நாங்களும் ஊர், பதவி, குரு, நூல் என்று இப்படித்தான் சொல்லித் தருகிறோம்.

இந்த நான்கில் அடங்காத ஒன்று திருவாசகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் 51 பகுதிகளின் தலைப்புகளைப் பாருங்கள். அம்மானை, பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்து ஆடுவது. பொற்சுண்ணம், வாசனைப்பொடி இடிக்கையில் பாடுவது. பூவல்லி பூக்கொய்கையில், பொன்னூசல் ஊஞ்சலில். சாழலில் ஒருத்தி கேட்க இன்னொருத்தி விடை சொல்கிறாள். அந்தச் சாழலில், சாம்பல் பூசிப் பாம்பணிந்து திரிகிறவன் என்ன கடவுள் என்று ஒரு பெண் நேருக்கு நேர் கேட்கிறாள். பெண்கள் தங்களுக்குள் கேலி பேசி ஆடிய விளையாட்டு தந்த துணிச்சல் அது.

உரைகள் பலவும் இவற்றை 'மகளிர் விளையாட்டு' என்று ஒரு வரியில் கடந்து, ஆன்மா பெண், இறைவன் ஆண் என்ற தத்துவத்துக்குப் போய்விடுகின்றன. பெண் அங்கே ஓர் உருவகம் மட்டும். நான் இதை ஏற்கவில்லை. குருந்த மரத்தடியில் அவருக்கு ஞானம் தந்த குரு ஒருவர் என்றால், உலக்கை பிடித்தும் காய் எறிந்தும் பாடியவர்கள் அவருக்குப் பாட்டின் வடிவத்தைத் தந்த குருமார்கள். வாழ்க்கை வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

பிட்டு விற்ற வந்திக்குப் பெயர் இருக்கிறதே என்று கேட்கலாம். வையைக் கரையடைக்க அனுப்ப ஆளில்லாத கிழவி அவள். வந்தி என்ற சொல்லுக்கு அகராதியில் மலடி என்றும் பொருள். கதையில் நிலைத்த ஒரு பெண்ணின் பெயர்கூட, அவளிடம் இல்லாததைச் சொல்வதாக ஒலிக்கிறது. அவள் கைப்பக்குவம் ஆண்டவனையே கூலியாளாக்கியது. பெயரில் அது ஏறவில்லை.

ஆவுடையார்கோவிலில் லிங்கம் இல்லை. ஆவுடை மட்டும் உண்டு. அம்மன் யோகாம்பாளுக்கும் உருவமில்லை, பாதங்களைத்தான் வணங்குகிறோம். தெய்வத்துக்கு உருவமின்மையைத் தத்துவமாகப் போற்றத் தெரிந்த நமக்கு, பாடிய பெண்கள் உருவமற்றுப் போனது உறுத்தவே இல்லை.

அவர்கள் பெயர்கள் இனிக் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் மாணிக்கவாசகர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள், அவர் யாரிடம் பாட்டின் வடிவம் கற்றார் என்ற கேள்வியை எழுதலாம். கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் சொல்லக்கூடிய பாட்டிமார்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பாட்டைப் பதிவு செய்யப் போகும் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: 'நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். முதலில் அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். யாரிடம் கற்றார் என்பதையும் கேளுங்கள்.