கூட்டத்தில் ஒருவன்: அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்'

திரைப்பட உலகைப் பொருளாகக் கொண்ட தமிழ்ச் சிறுகதைகள் பலவாகும். அவற்றுட் பெரும்பாலானவை நட்சத்திரங்களின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் பேசுவன. திரையில் ஒரு நொடி தோன்றி மறையும் துணை நடிகனைப் பேசுவன மிகச் சிலவே. அச்சிலவற்றுள் தலையாயதாகக் கொள்ளத்தக்கது 'புலிக்கலைஞன்'.

இதன் ஆசிரியர் அசோகமித்திரன் 1931இல் செகந்தராபாத்தில் பிறந்து 2017இல் மறைந்தவர். 1952 முதல் ஏறத்தாழ 14 ஆண்டுகள் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றியவர். எஸ். எஸ். வாசனின் அந்நிறுவனம் 1948இல் வெளியிட்ட 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை இன்றும் வியந்து பேசுகிறோம். அம்முரசுகளின் மேல் ஆடியவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? இவ்வினாவை மனத்திற்கொண்டு படிப்போர்க்கு இக்கதையின் ஆழம் எளிதில் புலப்படும்.

'துணை நடிகர்' என்னும் சொல் மதிப்புத் தருவது. படப்பிடிப்புத் தளத்தில் வழங்கிய 'எக்ஸ்ட்ரா' என்னும் சொல்லோ மிகையானவர், கூடுதலானவர் என்றே பொருள்படும். சந்தைக் காட்சிக்கும் போர்க் காட்சிக்கும் ஆள் வேண்டுமெனில் ஸ்டூடியோ ஓர் ஏஜெண்டிடம் எண்ணிக்கையைச் சொல்லும். அவர் ஆட்களைத் திரட்டி வருவார். முதன்முதலாக வருபவனிடம் அங்கே எதிர்பார்க்கப்படுவது உருவமும் பொறுமையும் மட்டுமே. அவனுக்கென்று ஒரு கலை உண்டா என்று கேட்பார் இல்லை.

கேளாமலேயே தன் கலையைக் காட்டிவிடுகிறான் கதையின் நாயகன் காதர். ஏஜெண்ட் வெள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஸ்டூடியோ அலுவலகத்துக்கு வேலை தேடி வருகிறான். அப்போது அங்கே கூட்டக் காட்சி ஏதுமில்லை. நீச்சல் தெரியுமா என்று சர்மா வினவுகிறார். கொஞ்சம் தெரியும் என்கிறான். கொஞ்சம் தெரிந்தால் போதாது. தனக்கு நன்கு தெரிந்த ஒன்று புலி வேடம் என்கிறான். அதன்பின் நிகழ்வது தமிழ்ச் சிறுகதையின் அரிய காட்சிகளுள் ஒன்று. மேசையும் நாற்காலியும் நிறைந்த அச்சிறிய அறையில் மனிதன் மறைந்து புலி உலவுகிறது. ஆட்டம் முடிந்ததும் புலி மறைந்து, பசித்த குடும்பத்தலைவன் கண்ணீருடன் நிற்கிறான்.

இவ்விரு நிலைகளையும் அடுத்தடுத்து வைத்ததிலேயே ஆசிரியரின் கலைத்திறன் விளங்குகிறது. புலியாக இருந்த வேளையில் காதர் எவரிடமும் இரக்கவில்லை. பார்த்திருந்தோரே அஞ்சி ஒடுங்கினர். மனிதனானதும் அவன் இரக்க வேண்டியதாயிற்று. கலை அவனுக்கு அளித்த பெருமை ஆட்டம் நீடித்த அளவே நீடித்தது. இதனை ஆசிரியர் விளக்கியுரைக்காமல், ஓர் அலுவலக ஊழியனின் அடங்கிய குரலில் நிகழ்ச்சியை மட்டும் கூறிச் செல்கிறார். உணர்ச்சி மிக்க இடத்தில் சொற்கள் குறைந்திருப்பதே இந்நடையின் வலிமை.

புலி வேடம் தமிழகத்தில் மொகரம் முதலிய விழாக்களில் தெருவில் ஆடப்பட்டு வரும் கலையாகும். சூழ்ந்து நிற்கும் மக்களே அதன் அரங்கு. அத்தெருக்கலைஞன் ஸ்டூடியோவின் வாயிலில் வந்து நிற்கும்போது, ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் தொடங்குவதைக் காண்கிறோம். பின்னர் அவனைப் பயன்படுத்த ஸ்டூடியோவில் எண்ணம் எழுகிறது, தேடுகின்றனர், அவன் கிடைப்பதில்லை. அவனுடைய ஆட்டத்தை எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை.

இதே உலகை அசோகமித்திரன் 1969இல் வெளிவந்த 'கரைந்த நிழல்கள்' நாவலிலும் படைத்தார். அங்கே ஆட்களைத் திரட்டிப் படப்பிடிப்பை நடத்திச் செல்லும் தயாரிப்பு நிர்வாகி நடராஜனே பின்னர் வறுமையின் அடித்தளத்துக்குத் தள்ளப்படுகிறார். வாயிலுக்கு வெளியே நிற்பவனுக்கும் உள்ளே இருப்பவனுக்கும் இடையேயுள்ள தொலைவு மிகச் சிறிது என்பதை இவ்விரு படைப்புகளையும் சேர்த்துப் படிப்போர் உணர்வர்.

குறை என்று ஒன்று கூறலாம். காதரின் மனைவி மக்களின் துயரம் அவன் வாய்மொழியாக மட்டுமே வருகிறது. வீட்டின் பட்டினியை நாம் நேரில் காண்பதில்லை. எனினும், அலுவலக அறைக்கு அப்பால் கதை சென்றிருந்தால், அவ்வறையில் இருந்தோர் அறியாததை நாம் அறிந்திருப்போம். அவர்களுடைய குற்ற உணர்வில் நமக்குப் பங்கு இராது. ஆகவே இக்குறை கதையின் வடிவம் வேண்டி நிற்கும் குறையே எனலாம்.

வகுப்பறையில் இக்கதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் 'திறமைக்கு மதிப்பில்லை' என்னும் ஒருவரிக் கருத்துரையோடு நிறைவடைதல் கூடாது. திறமையைக் கண்டவர்கள் இக்கதையில் இருக்கிறார்கள்; வியக்கிறார்கள்; இரங்கவும் செய்கிறார்கள். ஆனால் நல்லெண்ணம் செயலாகுமுன் காலம் கடந்துவிடுகிறது. கதை உறுத்துவது இங்கேதான். நம் பள்ளி மேடைகளிலும் 'கூட்டத்தில் ஒருவர்' என்னும் வேடத்துக்கு வாய்பேசாத மாணவர்களையே நிறுத்துகிறோம். அவர்களுள் எவரிடம் எந்தப் புலி உறங்குகிறது என்பதைக் கேட்டறிவதற்கு ஆண்டிறுதி வரை காத்திருத்தல் தகாது.