நண்பர்கள் கூடி நடத்திய ஏடு

1970 அக்டோபரில் சென்னையிலிருந்து 'கசடதபற' என்ற சிற்றிதழ் வெளிவந்தது. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி, க்ரியா ராமகிருஷ்ணன் என்று ஒரு நட்பு வட்டம்; ஆசிரியர் பொறுப்பு நா. கிருஷ்ணமூர்த்திக்கு. இவர்களில் சிலர் 1968இலேயே 'கோணல்கள்' என்ற கதைத் தொகுப்பைச் சேர்ந்து வெளியிட்டவர்கள். முதலாளி இல்லாத பத்திரிகை இது. பேசிப் பேசியே ஒரு ஏட்டைப் பிறப்பித்துவிட்டார்கள்!

இப்படிப்பட்ட சிற்றிதழ்களை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். அட்டை எளிமையாக இருக்கும். உள்ளே ஒவ்வொரு எழுத்தும் ஈய அச்சாகக் கையால் பொறுக்கிக் கோக்கப்பட்டது. 'கொ' என்று அடிக்க ஒற்றைக்கொம்பு, 'க', கால் என மூன்று அச்சுகளைத் தேடி எடுக்க வேண்டும். புதுக்கவிதையின் ஒடிந்த வரிகளுக்கு நடுவே வெற்று ஈயத் துண்டுகளைச் செருகி வெள்ளை இடம் விட வேண்டும். ஓவியம் என்றால் தனியே பிளாக் செய்தாக வேண்டும். அப்படியும் ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளை விடாமல் அச்சேற்றினார்கள். அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

வட்டம் பிறகு கிளைவிட்டது: 1974இல் க்ரியா பதிப்பகம், 1977இல் முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழு.

பழைய புத்தகக் கடையில் இத்தகைய இதழ் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். வாங்கிப் படித்துவிட்டு, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.