அலுவலகத் தொலைபேசியின் ஒலிக்குறிகள்

ஒரு காலத்தில் ரிசீவரை எடுத்தவுடன் ஆபரேட்டரின் குரல் கேட்டது. வேண்டிய எண் கிடைக்குமா, அங்கே வேறு பேச்சு நடக்கிறதா என்ற விவரங்களையெல்லாம் அக்குரலே சொல்லிவந்தது. 1892-இல் அமெரிக்காவின் லா போர்ட் நகரில் ஸ்ட்ரோஜர் என்பவரின் தானியங்கி எக்ஸ்சேஞ்சு இயங்கத் தொடங்கி, காலக்கிரமத்தில் அத்தகைய யந்திரங்கள் பரவி, ஆபரேட்டரின் ஸ்தானத்தை அவையே ஏற்றுக்கொண்டபின், அவருடைய வார்த்தைகளுக்குப் பதிலாகச் சில ஒலிகள் வந்து சேர்ந்தன. இன்று அலுவலகங்களில் இயங்கும் ஈபிஏபிஎக்ஸ் என்னும் உள் எக்ஸ்சேஞ்சு பேசுவதும் அந்த ஒலிகளின் பாஷையையே.

அதன் இலக்கணம் மிகச் சிக்கனமானது. இந்தியத் தொலைபேசியில் இக்குறிகளுக்கெல்லாம் ஆதாரம் 400 ஹெர்ட்ஸ் சுருதியே. முக்கியமாக மாறுவது தாளமே. இடைவிடாது ஒலித்தால் எண்ணை அழுத்தலாம், 0.4 வினாடி ஒலி இரண்டு அடுத்தடுத்து வந்து 2 வினாடி மௌனம் நிலவினால் மறுமுனையில் மணி அடிக்கிறது. முக்கால் வினாடி ஒலியும் முக்கால் வினாடி மௌனமும் மாறிமாறி வந்தால் 'எங்கேஜ்டு'. கால் வினாடி ஒலியும் கால் வினாடி மௌனமுமாகத் துரிதமாக விட்டுவிட்டு ஒலித்தால் வழியில் நெரிசல். எழுத்தறிவோ ஆங்கில ஞானமோ இதற்கு வேண்டுவதில்லை; கண் பைலில் பதிந்திருக்கும்போதே காது விஷயத்தைக் கிரகித்துக்கொள்ளும். எந்தக் குறிப்பலகையும் இவ்வளவு சௌகரியத்தைத் தந்துவிடாது.

ஆயினும் இந்தச் சிக்கனமே தோஷத்துக்கும் காரணமாகிறது. அலுவலகத்தில் எக்ஸ்டென்ஷன்கள் பலவாகவும் வெளி லைன்கள் சிலவாகவும் இருப்பது வழக்கமாதலால், வெளி லைனுக்காகப் பூஜ்யத்தை அழுத்தியவுடனேயே எங்கேஜ்டு ஒலி கேட்பதுண்டு. நம் அலுவலகத்தின் லைன்களே நிறைந்திருக்கின்றன என்பது அதன் பொருளாயிருக்க, அதைப் பொருட்படுத்தாமல் மீதி எண்களையும் அழுத்திவிட்டு, வாடிக்கையாளர்தாம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று முடிவுகட்டும் புதிய குமாஸ்தாவைக் குறைகூறுவதற்கில்லை. நெரிசல் ஒலியும் அவர் காதுக்கு எங்கேஜ்டாகவே படுகிறது. நெரிசலுக்கு உடனே மறுபடி முயல்வதும், எங்கேஜ்டுக்குச் சற்றுப் பொறுப்பதுமே உசிதம் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. மணி அடிப்பதாக நாம் கேட்பதும் எக்ஸ்சேஞ்சு உண்டாக்கும் ஒலியேயன்றி அந்த மணியின் ஓசையன்று. அங்கே ஆள் உண்டா என்பதை அது சொல்வதில்லை.

காத்திருக்கும் செய்திக்கு ஒன்று, வேறிடத்துக்குத் திருப்பிவிட்ட அழைப்புக்கு ஒன்று எனப் பிற்காலத்தில் சேர்ந்த ஒலிகள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபட்டு, ஞாபகசக்திக்கு வீண் பாரமாகின்றன. தேசபேதமும் உண்டு, அமெரிக்காவை அழைத்தால் மணி ஒலி 2 வினாடி நீண்டு, 4 வினாடி ஓய்கிறது, பழகாத செவி அந்த மௌனத்தில் இணைப்பு அறுந்ததென்று எண்ணிவிடும். செவிப்புலன் குன்றியவர்க்கோ இந்த ஏற்பாடு முழுவதுமே பயனற்றது.

ஆகவே, கேட்பவரின் அடுத்த செயலை மாற்றவல்ல நான்கைந்து ஒலிகளே போதும். மற்றவற்றை விளக்கிடமோ, பதிவுசெய்த தமிழ் வார்த்தையிடமோ ஒப்படைத்துவிடுவதே நியாயம். புதிதாகச் சேருபவருக்கு எக்ஸ்டென்ஷன் பட்டியலைக் கொடுக்கும் நிர்வாகம், அந்த நான்கைந்து ஒலிகளையும் ஒருமுறை கேட்கச் செய்து பொருள் சொல்லிவைப்பது அவசியம்.